தொமோயெயின் வாயடைத்த மாதங்கள்

ஜப்பானில் கனசாவா நகரத்தில் சுற்றுலா பஸ் வழிகாட்டியாக இருபத்திரண்டு வருஷம் வாயால் பிழைத்தவள் தொமோயெ. அவள் மைக் பிடித்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். நாற்பத்தேழாவது வயதில், மத்தியானம் ஆனால் அந்தக் குரல் குழற ஆரம்பித்தது. இமைகள் தாமாகச் சரிந்தன. "ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று டிரைவர் ஓகுரா கேட்டார். எல்லோருக்கும் விளக்கம் சொல்லியே மிச்சக் குரலும் தீர்ந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். நரம்பு சொல்வதைத் தசை கேட்கவிடாமல் அவளுடைய எதிர்ப்புச் சக்தியே குறுக்கே நிற்கிறதாம். ரத்தத்தை வெளியே எடுத்து, இரண்டு வடிகட்டிகளில் ஓடவிட்டு, வேண்டாததை நிறுத்திவிட்டு உடம்புக்கே திருப்ப வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் கையை அசைக்கக் கூடாது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டிலில் நுகுமிசு என்ற பெரியவர் படுத்திருந்தார். பாய் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். தோல் கொப்புளத்துக்கு அவருக்கும் இதே வடிகட்டல். நர்ஸ் ஹிசானோவிடம் ஊர்ப் பெருமை பேசிக்கொண்டே இருப்பார். அத்தனையும் தப்பு.

"அந்த மலைக்கோயிலுக்கு முந்நூத்தம்பது படிம்மா. நானே எண்ணியிருக்கேன்."

அடுத்த தடவை அது நானூறு ஆயிற்று. தொமோயெ வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. எழுதிக் காட்டலாமென்றால் கையில் ஊசி. "இந்தம்மா எவ்ளோ பொறுமையா கேக்கறாங்க பாரு," என்று அவர் பாராட்டு வேறு.

நான்காவது தடவை, கோயிலைக் கட்டியவர் ஒரு மீன் வியாபாரி என்று ஆரம்பித்தார்.

"உப்பு வியாபாரி," என்றாள் தொமோயெ. "படி இருநூத்தி எண்பத்தேழு."

குரல் அறை முழுக்கக் கேட்டது. ஹிசானோ திரும்பிப் பார்த்தாள்.

நுகுமிசுவுக்கு ஆச்சரியம். "பேச வருமா உங்களுக்கு? அப்ப இத்தனை நாளா ஏன் சும்மா இருந்தீங்க?"

"பேச முடியலைன்னுதானேய்யா இங்க படுத்திருக்கேன்." கண் கலங்கியது, எரிச்சலிலா சந்தோஷத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, கோவிச்சுக்காதீங்க. கோயிலுக்குப் பின்னால ஒரு குளம் இருக்கே..."

"குளமே கிடையாது."

இந்த வடிகட்டல் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், மாத்திரை வேலை செய்ய மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். ஏப்ரலில் அரை நாள் வேலைக்குப் போனாள். ஜூனில் ஒரு நாள், மூன்றாவது நிறுத்தம் வருமுன் நாக்கு தடித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு, அவளுடைய குறிப்பை ஓகுரா மைக்கில் சாவுச் செய்தி மாதிரி வாசித்தார். பயணிகள் கைதட்டினார்கள். தொமோயெ பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, குரல் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். மறுபடி வடிகட்டிக்கொள்ள வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

"வியாழக்கிழமை எனக்கு ரெண்டு ட்ரிப் இருக்கே," என்றாள். மறுமுனையில் வியாழக்கிழமையையே திரும்பச் சொன்னார்கள்.

"சரி சரி, வரேன்."