எட்டாம் நம்பர் ரவை

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா காட்டு வாத்து சூப்பு வேண்டும் என்று கேட்டாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடம்பு தேவலையானதால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவுக்கு ஆம்பூர் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை. தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் கீழ் ரகத்தில் தள்ளிவிடுவார். அம்மா படுத்ததிலிருந்து வேலைக்குப் போகாமல், கட்டிலருகே ஸ்டூல் போட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்து என்றதும் எழுந்து சட்டையை மாட்டினார். "பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா. துணைக்குச் சித்தி இருந்தாள்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவுக்கு நிலம் இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட லைசன்ஸ் வாங்கிய துப்பாக்கியும் இருந்தது. பறவையைச் சுடுவது குற்றம் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சண்டையெல்லாம் தோட்டாவைப் பற்றித்தான்.

பெரியப்பா தோட்டாக்களைப் பாயில் பரப்பினார். பன்றிக்கானதில் உள்ளே பட்டாணி அளவு ஈய ரவை. நாலாம் நம்பரில் கொத்தமல்லி விதை அளவு. எட்டாம் நம்பரில் கடுகு. அப்பா எட்டாம் நம்பரை எடுத்தார்.

"இன்னாடா, குருவி சுடவா போற? ஏரிக்கு வந்திருக்கிறது வரித்தலை வாத்து. அதுக்கு நாலாம் நம்பரே கம்மி."

"பெரிய ரவைன்னா தோல் பூரா ஓட்டையா பூடும்ணா."

"அத்த வெச்சி ஷூவா தைக்கப் போற? சூப்புக்குடா!"

அப்பா கேட்கவில்லை.

ஏரியில் பறவைகள் கரைக்குக் கிட்டத்திலேயே இருந்தன. அப்பா சுட்டதும் ஒன்று தண்ணீரில் சாய்ந்தது. நான் கைதட்டினேன். அது சிறகை அடித்து எழுந்து, தாழ்வாகப் பறந்து கோரைக்குள் விழுந்தது. மதியம்வரை முழங்கால் சேற்றில் தேடினோம்.

"நாலாம் நம்பரா இருந்தா அங்கயே வுழுந்திருக்கும்" என்றார் பெரியப்பா. அப்பா மிதந்து வந்த இறகு ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியபோது கொடியில் அம்மாவின் போர்வை ஈரமாகத் தொங்கியது. சித்தியின் கண்கள் சிவந்திருந்தன.

"சிக்கலயா?" என்றாள் அம்மா.

"அடிச்சேன். போய்ட்டுது."

"பரவால்ல. நாளைக்கும் போய்ட்டு வாங்க."

மறுநாள் நாலாம் நம்பரோடு போனோம். ஏரியில் ஒரு பறவைகூட இல்லை. திரும்பி வந்தபோது தெருவில் செருப்புகள் கிடந்தன. வாசலில் ஆட்கள் நின்றார்கள். அப்பா தோளிலிருந்த பையைக் கழற்றாமலே உள்ளே ஓடினார்.

முதல் நாளே பெரிய ரவையை எடுத்திருந்தால் அம்மா சூப்பு குடித்துப் பிழைத்திருப்பாள் என்று வெகுகாலம் நம்பினேன். அவள் சூப்பு கேட்பதற்கு முந்தின வாரம் முழுக்க ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்கவில்லை. வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தவள் நான்தான். பிறகு எதற்காக சூப்பு கேட்டு இரண்டு நாளும் எங்களை வீட்டைவிட்டு அனுப்பினாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.