அரைமணி முறை

சபையில் அவளை 'ஆமென் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அது தூங்கித் தூங்கிச் சம்பாதித்த பட்டம்.

காலை ஏழிலிருந்து மாலை நாலரை வரை பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. வீடு வந்து சேரும்போது முழங்கால் இரண்டும் யாருடையதோ போலிருக்கும். அதே மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளுக்காகச் சபையில் சங்கிலி ஜெபம் நடந்தது. அவரவர் வீட்டில் அரைமணி நேரம் பெயர்ப் பட்டியலை வைத்து ஜெபித்து, அடுத்தவருக்கு முறையை ஒப்படைக்க வேண்டும். அவளுடையது ஐந்தரையிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் போன் செய்து முறையை வாங்கிக்கொள்வார். கட்டிலோரம் முழங்காலிட்டபடியே தூங்கிப்போனவள், மணிச்சத்தத்தில் பதறிப் போனை எடுத்து, 'ஹலோ'வுக்குப் பதில் 'ஆமென்' என்றாள். ஒருநாள் என்றால் வாத்தியார் மறந்திருப்பார். வாரம் முழுக்க அதேதான்.

சபைச் செயலாளர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. உழைக்கிற உடம்பு, பாவம், இனி பீடத்தில் பூ வைத்தால் போதும், முறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பட்டியலில் உள்ளவர்கள் படுத்திருக்கிற விரிப்பெல்லாம் அவள் கைபட்டுப் போனவை. அந்த அரைமணியை விட மனம் வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கி வந்தாள்.

முதல் நாள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பலிக்கவில்லை. இரண்டாம் நாள் நின்றுகொண்டு ஜெபித்தாள். அலமாரியில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். கூட இருக்கும் நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா, நல்ல நாள் பெரிய நாளில் மட்டும் சபைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவள். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வேலையில மட்டும் எப்படிடி தூங்காம இருக்கே?"

"அங்க எப்படித் தூங்குறது அண்ணி? ஒரு பக்கம் நான் பிடிப்பேன், மறுபக்கம் இன்னொருத்தி. நான் கண்ணசந்தா துணி கீழ விழுந்துரும்."

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய விரிப்பை எடுத்து நாத்தனார் மடியில் போட்டாள்.

"துணியத்தான் பிடிப்பேன். ஜெபமெல்லாம் உன் பாடு," என்று கறாராகச் சொல்லிவிட்டே நாத்தனார் எழுந்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து அந்த ஒரே விரிப்பு அரைமணியில் முப்பது தடவை மடிந்து பிரிந்தது. முனையோடு முனை சேர்க்க இருவரும் கிட்டே வரும்போது ஒரு பெயர். விலகிப் பிரிக்கும்போது அவருக்கான வேண்டுதல். இமை கனத்தால் எதிர்ப்பக்கமிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு வரும். கால்வலி எங்கும் போகவில்லை. ஆனாலும் ஆறு அடிக்கும்போது அவளுக்குப் பாடத் தோன்றியது. சில நாள் பாடவும் செய்தாள். வாத்தியாருக்கு வரிசையாக 'ஹலோ' கிடைத்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் ஐந்தரைக்கு நேரே மறுபடி அவள் பெயரையே எழுதினார்.

மறுநாள் மாலை பட்டியல் முடிந்த பிறகும் நாத்தனார் துணியை விடவில்லை. தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் மாடிவீட்டுக்காரியோடு அவளுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"மாடிவீட்டுக்காரிக்குப் பல்வலியாம். கன்னம் வீங்கிக் கிடக்கா. அவளையும் சேர்த்துக்கோ."

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

நாத்தனார் விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, இப்போதைக்கு அந்தப் பல்லு குணமாகட்டும். வாயப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."