உடைந்த படகின் முன்னால் ஒரு குரூப் போட்டோ

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இன்சூரன்ஸ் துறையில் நான் ஆசிரியை. துறையின் ஆண்டு விழாவுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும் புகைப்படக் கண்காட்சி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் மாணவர்களை விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துப்போய், சேதமான ஒரு படகைக் காட்டி நஷ்டத்தை மதிப்பிடச் சொல்வோம். குரூப் போட்டோவும் அந்த உடைந்த படகின் முன்னால்தான். 'அபசகுனக் கோஷ்டி' என்று மற்ற துறைக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். முதல் பேட்சிலிருந்து சேர்த்து வைத்த அந்தப் படங்கள்தான் எங்கள் வரலாறு.

விழாவுக்கு முந்தின நாள் காலை ஹாலைத் திறந்தால், கூரை ஓடு நழுவி, மேஜையில் பரப்பியிருந்த படங்கள் மொத்தமும் மழையில் ஊறிக் கிடந்தன. தொட்டால் முகங்கள் விரலோடு வந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீச்சரே, இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ்..." என்று ஆரம்பித்த துறைத் தலைவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நாங்கள் எங்கள் சாமான்களுக்கு ஒரு பாலிசி எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்த முகங்களை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். மத்தியானத்திலிருந்தே வர ஆரம்பித்தார்கள். ஒருவன் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் உள்ள ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆல்பத்தோடு வந்தான். ஒருத்தி மாமியார் வீட்டு ஷோகேஸிலிருந்து பிரேமோடு கழற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லா பேட்ச் படங்களும் சேர்ந்துவிட்டன, முதல் பேட்சைத் தவிர. அவர்கள் எந்தெந்த ஊரிலோ இருந்தார்கள்; வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவரும் இல்லை. அந்தப் படம் இல்லாமல் வரலாற்றை எங்கே தொடங்குவது?

விளக்கு போடும் நேரத்தில், விழிஞ்ஞத்துப் பழைய மாணவி ஒருத்தி வயதான மீனவர் ஒருவரைக் கூட்டி வந்தாள். முதல் பேட்ச் பார்த்த படகு அவருடையது; அதைச் சரிசெய்ய முடியாமலே போய்விட்டதாம். போட்டோவில் ஒரு பிரதியை அப்போதே அவருக்கும் கொடுத்திருந்தார்களாம். ரெயின்கோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்.

"அந்த வள்ளத்துக்க படம்னு எங்கிட்ட இது ஒண்ணுதான் உண்டு டீச்சரே. விழா கழிஞ்சா திருப்பித் தரணும், கேட்டோ."

பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இதுக்கு நீங்க இன்சூரன்ஸ் எடுக்கல்லியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் நிஜமாகவேதான் கேட்டார்.

விழா நன்றாக நடந்தது. மறுநாளே படத்தை நானே கொண்டுபோனேன். அவர் வீட்டுச் சுவரில் அது மாட்டியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரமாகத் தெரிந்தது. 'பலர் தங்கள் பங்கைப் போட்டு ஒருவரின் நஷ்டத்தைத் தாங்குவதுதான் இன்சூரன்ஸ்' என்று இப்போதும் முதல் வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், படகைப் பறிகொடுத்த ஒருவர் அதில் மிச்சமிருந்ததையும் எங்களுக்காகக் கழற்றிக் கொடுத்ததில் தெரிந்த அந்த வெற்றுச் சதுரம்தான் என் கண்முன் நிற்கிறது.