தலைவரி மேசையில் இருந்த காலம்

வரி வாங்கும் இடத்தில் வேலை செய்பவரைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. அந்த வரியைத் தமிழில் விளக்குபவரைச் சொந்தக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் கந்தோரில் எனக்கு அப்படி ஒரு மேசை தந்தார்கள். வீட்டுக்கு வரி போட்டதை விட்டு ஆளுக்கு ஆள் வரி போட்ட தலைவரிக் காலம் அது. அந்த வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவளும் நிம்மதியாக இருக்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

கூப்பன் பழக்கம்

நடராசா அண்ணை பெற்றோல் செட்டில் வேலை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருந்தவர். வரிப் படிவத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களின் பெயரைக் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தது அவரும் மனைவியும் மட்டும். மனுசன் பதினொரு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் ஜெர்மனியில் இருக்கும் மச்சானும் உண்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியாரும் உண்டு. பதினொரு பேருக்கும் பில் வந்த பிறகுதான் என்னிடம் ஓடி வந்தார்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஊரில் பங்கீட்டுக் கூப்பனில் எத்தனை பெயரோ அத்தனை பங்கு சீனியும் மாவும். வெளிநாடு போன அண்ணாவின் பெயரை எங்கள் வீட்டுக் கூப்பனிலும் ஒருவரும் வெட்டவில்லை. நடராசா அண்ணையை எந்த வாயால் ஏசுவது? "தங்கச்சி, அரசாங்கம் பேர் கேக்குதெண்டால் ஏதோ தரப்போகுது எண்டுதானே நினைப்பம்?" என்றார்.

இரண்டு நாள் தமிழ்

கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி எட்டுப் பெயரை வெட்டுவித்தேன். இதற்கிடையில் கவுன்சில் செலவைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் கழுத்தைப் பிடித்தது. முதலில் பிஸ்கட்டை நிறுத்தினார்கள். பிறகு ஹீட்டரை. பிறகு கிழமையில் ஐந்து நாள் இருந்த தமிழைச் செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாளாக்கினார்கள்.

துணி வெளுக்கும் லோன்றியில் வேலை செய்யும் ஒரு பெண், லீவு போட்டுத் திங்களும் வந்து, புதனும் வந்து திரும்பியிருக்கிறார். வியாழன் என்னைப் பிடித்தபோது தவணை கடந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "அப்ப வெருட்டிக் கடிதம் போடுறதையும் செவ்வாய் வியாழனிலை மட்டும் போடச் சொல்லுங்கோ, அக்கா."

அத்தாட்சி

மாமியாரின் பெயர் மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் இருந்த நாடுகளிலிருந்து அத்தாட்சி வந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டை, தபால் ஓடவில்லை. பில் நினைவூட்டலாகி, நினைவூட்டல் கோர்ட் அழைப்பாணையாகி வந்தது. கோர்ட் கடிதம் வரும் வீட்டுக்காரனுக்கு விசா தருவார்களா என்பதுதான் அண்ணையின் பயம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு என் மேலாளர் டெரிக்கிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பட்டியலில் சேர ஒரு கையெழுத்துப் போதும், வெளியே போகத்தான் அத்தாட்சி வேண்டும்" என்றார்.

கடைசி வியாழன்

தமிழ் மேசை மூடப்படுகிறது என்ற அறிவித்தலைத் தமிழாக்கும் வேலையையும் எனக்கே தந்தார்கள். எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது நடராசா அண்ணை முன்னால் நின்றார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கொண்டு வந்த கடிதத்தை நீட்டினார். காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காமல் மாமியார் செத்து ஒரு மாதமாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே அதை ஆங்கிலத்தில் எழுதி, அழைப்பாணையோடு சேர்த்துக் குத்தினேன். அண்ணை மெதுவாகக் கேட்டார்: "இப்பவாவது அவ இங்கை இல்லை எண்டு நம்புவினமோ, தங்கச்சி?"

மரணச் சான்றிதழ் கேட்டு அண்ணைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனதாக டெரிக் பிறகு சொன்னார். பிஸ்கட்டையும் ஹீட்டரையும் தமிழையும் குறைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, செத்துப்போன ஒரு மனுசியைப் பட்டியலிலிருந்து குறைக்க மட்டும் வழி தெரியவில்லை.