நான் கேட்டு வாங்கிய புதன்கிழமை உபயம்

அம்மனைக் கும்பிடும் சொந்தங்களுக்கு, மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிலிபினிலிருந்து சரசு எழுதுகிறேன். எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரம் என் வீட்டுக்காரர் சேகர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். எழுந்து நடக்க மாதக்கணக்காகும் என்றார்கள். அவரைக் குளிப்பாட்டி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. ஈப்போவில் பார்த்துவந்த குமாஸ்தா வேலையை விட்டேன். ஜோகூரில் இருக்கும் தங்கை, தொழிற்சாலையில் இடம் இருக்கிறது, வா என்றாள். போனால் அவரை அண்ணி வீட்டில் விட வேண்டும். அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மனுக்குத்தான் தெரியும்.

வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்றொரு வேலை இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். பிறருடைய கடிதம், முன்பதிவு, அட்டவணை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துக் கொடுப்பது. வாடிக்கையாளர் வர வேண்டுமானால் வலைப்பதிவு எழுது என்றார்கள்.

எங்கள் கோயில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன். தோட்டம் போய்விட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே போய்ப் பேரம் பேசினேன். "தாயே, வெள்ளிக்கெழம தவறாம வெளக்கேத்திட்டு ஒரு பதிவு எழுதுறேன். வீட்ட விட்டுப் போகாம ஒரு வேல குடு. குடுத்தா ஒரு நாள் உபயம் என்னுது. ஆடித் திருவிழா வரைக்கும் பாப்பேன், அப்புறம் ஜோகூருக்கு பஸ் ஏறிடுவேன்."

அம்மனையே மிரட்டியவள் நான்.

எழுதினேன். நேர மேலாண்மை, மின்னஞ்சல் ஒழுங்கு என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். எங்கெங்கோ படித்ததுதான், எனக்கே தூக்கம் வந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஒம் பிளாக்க நான் ஒருத்தன்தான் படிக்கிறேன் போல," என்றார் சேகர், கட்டிலில் படுத்தபடி. "நானும் எந்திரிச்சுப் போக முடியாததால படிக்கிறேன்லா."

ஆடி வந்தது. கோயிலில் உபயப் பட்டியல் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து நாள் திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பம் பூசையும் அன்னதானமும் ஏற்பது எங்கள் வழக்கம். தோட்டத்தில் இருந்தவரை எல்லா நாளும் ஒன்றுதான். இப்போது ஊர் ஊராக வேலைக்குப் போகிறார்கள், ஆளாளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும். புதன்கிழமையை ஒருவரும் சீண்டவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் அடித்தேன். போன வருடம் யாருக்கு ஞாயிறு, யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டு, எல்லாரும் பார்க்கும்படி ஒரே அட்டவணையில் போட்டேன். புதனை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து எடுக்க வைத்தேன். சண்டை அடங்கியது.

இந்த ஓட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவுக்கு எதையும் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அம்மனிடம் சொன்ன சொல் தவறக் கூடாதே என்று, யார் பெயரும் போடாமல், உபயச் சண்டையையே நடந்தபடி எழுதிப் போட்டேன். இதெல்லாம் ஒரு தொழில் பதிவா என்று வெட்கமாக இருந்தது.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் போன் வந்தது. லூமுட்டில் உணவகம் நடத்தும் நூருல் அக்கா. எங்கள் உபயக்காரர் ஒருவர் அவர் கடையில் காலையில் பசியாறும்போது அந்தப் பதிவைப் படித்துச் சிரித்து, அவரிடமும் காட்டினாராம்.

"தங்கச்சி, பத்து நாளயும் சண்ட இல்லாம பிரிச்சுக் குடுத்துட்டீங்க. எங்களுக்குக் கல்யாண ஆர்டர் எல்லாம் சனி ஞாயிறுலயே வந்து முட்டுதுலா. வீட்டுல இருந்தே பாத்துக் குடுப்பீங்களா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரின்னு சொல்லுலா," என்றார் சேகர்.

நூருல் அக்கா சொல்லி இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஜோகூர் பேச்சு அதோடு நின்றது. மெத்தப் படித்தவள் மாதிரி எழுதிய எதற்கும் வராத வேலை, கோயில் வேலையை எழுதியதும் வந்தது. அதை என் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வழி தெரியாமல் நிற்கும் சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். மிரட்டினாலும் கோபிக்க மாட்டாள். சொன்ன வெள்ளிக்கிழமையை மட்டும் தவற விடாதீர்கள்.

வரும் ஆடிக்கும் பட்டியல் போட்டுவிட்டேன். முதல் வேலையாகப் புதன்கிழமையில் எங்கள் பெயரை எழுதினேன். ஞாயிற்றுக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்ளட்டும், என் நேரம் இப்போது என் கையில் இருக்கிறது. நீங்களும் அன்றைக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள். சோறு பரிமாறுவது சேகர். நின்றுகொண்டு பரிமாறுவார்.