பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பதில் அடி

அடி விழுந்தால் விழுந்தது என்று ஒப்புக்கொள்ளும் தமிழர்கள் மலேசியாவின் ஜோகூரில் எத்தனை பேர் என்று என்னைக் கேளுங்கள். மூன்று வருடம் ஓர் இணைய விளையாட்டை நடத்தினேன். ஒரே ஒருத்தியைத்தான் பார்த்தேன்.

விளையாட்டு என்றால் படம், சத்தம் எதுவும் கிடையாது. கைப்பேசியில் ஒரு குழு, இருபது பேர், வெறும் எழுத்து. ஒரு கற்பனை மலைநாடு, அதில் ஆளுக்கொரு பாத்திரம். சண்டை வந்தால் ஒருவர், “வாளை ஓங்கி இடது தோளில் வெட்டுகிறேன்” என்று எழுதுவார். வெட்டு பட்டதா, தடுத்தாரா, விலகினாரா என்பதை எதிராளிதான் எழுத வேண்டும். நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்து விதிகளை நானே எழுதினேன், நடுவராகவும் நானே உட்கார்ந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

முதல் மாதத்தில் யார் மேலும் எதுவும் படவில்லை. காஹாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அம்பு வந்த நேரத்தில் தும்மிக் குனிந்துவிட்டதாக எழுதினான். அடுத்த அம்பை மழை அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது அம்பு வந்தபோது, இவ்வளவு நேரம் நடந்ததே கனவு என்றான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத கூட்டம். எரிச்சல் தாங்காமல், மூன்று தாக்குதலில் ஒன்றையாவது வாங்கியே ஆக வேண்டும் என்று புது விதி போட்டேன்.

“சரிண்ணா, பட்டுச்சு. ஆனா வலிக்கல” என்று எழுதினான்.

படிநிலை இன்னொரு தலைவலி. மொத்தம் ஐந்து படிகள், உச்சியில் தளபதி, அதுவும் ஒரே ஒருவர். மூன்று சண்டை ஜெயித்தால் ஒரு படி ஏறலாம். யாராக இருந்தாலும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், சேர்ந்த அன்றே எனக்குப் போன் போட்டார்.

“ஏன் தம்பி, பொடிப் பசங்கல்லாம் மூணாவது படியில நிக்கிறானுங்க, நான் அடியிலயா? நல்லாவா இருக்கு?”

விதி அதுதான் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தொடங்கியவர், ஒரு சண்டைகூடத் தோற்காமல் நான்காம் படிக்கு வந்துவிட்டார். வீரம் ஒன்றும் இல்லை. அண்ணனை வெட்ட யாருக்கும் கை வரவில்லை, அவ்வளவுதான். “கோவிச்சிக்காதீங்கண்ணா, சும்மா கேம்தான்” என்று முதலில் மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு அவர் விலகுவதற்கு வசதியாக மெதுவாக வெட்டுவார்கள். இதையெல்லாம் படித்துப் படித்து எனக்கு ரத்தக்கொதிப்பு வராததே பெரிய விஷயம். முதுகெலும்பு இல்லாத பயல்கள் என்று அவர்களைத் திட்டாத நாள் இல்லை.

ஒழுங்காகச் சண்டை போட்டவள் கூலாய் ஊர்ப் பெண் ஒருத்திதான். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக ஆபரேட்டர். அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் லைன் லீடராகிவிட்டார்கள்; அவள் இன்னும் அதே மேசையில். விளையாட்டில் அவள் ஒரு வில்லாளி. பட்டதைப் பட்டது என்று எழுதுவாள். ஒருமுறை முழங்கையில் வெட்டு விழுந்தது. யாரும் சொல்லாமலே, அடுத்த இரண்டு வாரம் அவளுடைய வில்லாளி வில்லைக் கை மாற்றிப் பிடித்துத் தடுமாறினாள். அப்படியே நான்காம் படி வரை ஏறி வந்தாள்.

“அண்ணா, இந்தத் தளபதி எனக்கு வேணும். வேற எங்கயும் எனக்குப் பதவி கெடைக்கப் போறதில்ல. சிரிக்காதீங்க லா” என்று ஒருநாள் எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். நான் சிரிக்கவில்லை.

தளபதி யார் என்ற கடைசிச் சண்டை அவளுக்கும் தங்காக் அண்ணனுக்கும் வந்தது. அவளும் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அம்பை அம்பாகவே விட்டாள். அண்ணனுக்கு முதல் தடவையாக ரத்தம் வந்தது, இரண்டு இடத்தில். மூன்று பட்டால் தோல்வி; இன்னொன்று பட்டால் அவர் தோற்றார். அடுத்த முறை அவருடையது.

இந்த இடத்தில் என் இன்னொரு விதியைச் சொல்லியாக வேண்டும். தாக்குதலுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பதில் எழுதாவிட்டால், அது உயிர் போகிற அடி. சோம்பேறிகளை விரட்டுவதற்காக எழுதியது. நான் ஜோகூர் பாருவில் அலுவலக மேசையில், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன். பாதிப் பேர் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் குழுவுக்கு இப்படியொரு விதி எழுத என்னைப் போன்ற மடையனுக்குத்தான் தோன்றும்.

காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை அவளுக்கு ஷிஃப்ட். ஆறே முக்காலுக்குக் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். “போன வச்சிட்டு உள்ள போறேன்” என்று தினமும் குழுவில் சொல்லிவிட்டுத்தான் போவாள். எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தன் வெட்டை எழுதியது ஆறு ஐம்பதுக்கு.

மாலை ஆறு ஐம்பதுக்கு, “நேரம் முடிஞ்சிருச்சு தம்பி” என்று எனக்குப் போன் வந்தது. “ரூல்ஸ் எழுதினது நீதானே?”

ஏழு பன்னிரண்டுக்கு அவளுடைய பதில் வந்தது. தொடையில் வெட்டு பட்டது என்று அப்போதும் நேர்மையாக எழுதியிருந்தாள். கீழே விழுந்தபடியே அம்பு விட்டிருந்தாள். அண்ணன் அதற்கு முன் இரண்டு அம்புகளிலிருந்து விலகியிருந்தார். மூன்றாவதான இதை அவர் வாங்கியே ஆக வேண்டும். இருபத்திரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவள்தான் தளபதி.

செல்லாது அண்ணா, வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத்தானே வெட்டினீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழுவில் பாதிப் பேர் அவர் சேர்ந்த பிறகு கூட்டி வந்தவர்கள். கோபித்துக்கொண்டு போனால் அவர்களும் போவார்கள். “விதிப்படி அண்ணனுக்கு வெற்றி” என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனை வெட்ட எனக்கும் கை வரவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் பன்னிரண்டு மணி நேரத்தை இருபத்து நான்காக மாற்றினேன். பெரிய நியாயம் செய்துவிட்ட தெம்பில் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டேன்.

“செத்த ஆளத் திருப்பிக் கொண்டு வர முடியாதும்மா. ஆனா புது ஆளா வா. மொதப் படியிலருந்து ஆரம்பிச்சா, ஆறே மாசத்துல ஏறிடுவ.”



“மறுபடியும் அடியிலருந்தா? அதுக்குத்தான் ஃபேக்டரி இருக்கே அண்ணா.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.