தெற்குப் பார்த்த காக்கா

உங்கள் வீட்டில் யாராவது தலையணை இல்லாமல் படுக்கிறார்களா? கழுத்து வலிக்கு டாக்டர் சொல்லித் தலையணையை விட்டவர்களைச் சேர்க்க வேண்டாம். "உனக்கெதுக்கு இனிமே" என்று பிடுங்கிக்கொள்ளப்பட்டவர்களை மட்டும் யோசியுங்கள்.

குச்சனூர் ராமுத்தாயிடம் மூன்று வருடத்துக்கு முன்பு அப்படித்தான் பிடுங்கினார்கள். அவள் கணவன் அம்மாவாசி குமுளி மலைப்பாதையில் லாரியோடு போய்விட்டான். பதினாறாம் நாள் அவன் படுத்த மெத்தையை எரித்தார்கள். சரி, செத்தவன் மெத்தை. கூடவே அவள் தலையணையையும் தீயில் போட்டார்கள். தாலி இறங்கியவள் தரையில் பாய் விரித்து, தலைக்குக் கையை வைத்துத்தான் படுக்கவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கமாம். ஏன் என்று கேட்டதற்கு, "காலங்காலமா அப்படித்தான்" என்றாள் ஓரகத்தி ஜக்கம்மா, அம்மாவாசியின் அண்ணன் மனைவி. செத்தது அம்மாவாசி, கழுத்து வலி ராமுத்தாய்க்கு. இந்த நியாயத்தை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

இதில் கூத்து என்னவென்றால், அவள் வேலை பார்ப்பதே சின்னமனூரில் ஒரு மெத்தைக் கடையில். காலை ஒன்பது மணியிலிருந்து ஊரார் தலைக்கெல்லாம் இலவம்பஞ்சு அடைப்பாள். மூக்கில் பஞ்சு, முடியில் பஞ்சு, இமையில் பஞ்சு. கல்யாணச் சீருக்கு ஜோடித் தலையணை வாங்க வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று முதலாளி பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த ஜோடிக்கும் பின்கட்டில் உட்கார்ந்து பஞ்சு அடைப்பது அவள்தான். பஞ்சு யாரிடமும் சொல்லாது.

போன தை மாதம் மூத்தார், ஜக்கம்மாவின் கணவர் சுருளியாண்டி, அவள் அறைக்கு வந்தார். அவர் மகன் சுரேஷ்கண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஏத்தா, ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய ரூமு? கட்டிலும் சும்மாதான கெடக்கு. சின்னஞ்சிறுசுக இருக்கட்டும். நீ பாயிலதான படுக்குற? பாய் எங்கன விரிச்சாலும் பாய்தான்."

"எங்கன விரிக்க, மச்சான்?"

"அடுப்படி வெதுவெதுப்பா இருக்குமே" என்றார் பெருந்தன்மையாக.

முதலில் தலையணையைப் பிடுங்கினார்கள். பிறகு, தலையணைதான் இல்லையே, கட்டில் எதற்கு என்றார்கள். இப்போது, கட்டிலில்தான் படுப்பதில்லையே, அறை எதற்கு என்கிறார்கள். வழக்கம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது பாருங்கள்.

அதே வாரம் தேக்கடியில் ஒரு தங்கும் விடுதிக்காக நாற்பது அலங்காரத் தலையணைக்கு ஆர்டர் வந்தது. சதுரம் சதுரமாக, கண்ணாடியும் குஞ்சமும் வைத்து. "இதுல யாரும் படுக்க மாட்டாக. கட்டில்ல சும்மா அழகுக்கு வைக்கிறது" என்றார் முதலாளி. ராமுத்தாய்க்குச் சுருக்கென்றது. தலையே வைக்காத தலையணைக்கு இத்தனை சீராட்டு. தலை இருக்கிற எனக்கு ஒன்று கிடையாதா?

ஆர்டர் முடிந்து மிஞ்சிய மஞ்சள் துணியையும் கறுப்பு வெல்வெட் துண்டையும் கேட்டு வாங்கி வந்தாள். பதினாறு அங்குலத்துக்குச் சதுரம் வெட்டி, தையலுக்கு அரை அங்குலம் விட்டாள். மூன்று பக்கம் அடித்து, நாலாவது பக்கத்தில் கை நுழைய இடம் விட்டு, பஞ்சை முதலில் மூலைகளில் திணித்தாள். மூலை தொங்கினால் தலையணை சோனியாகிவிடும். மேலே ஒட்டித் தைக்க வெல்வெட்டில் காக்கா வெட்டினாள். கண்ணுக்கு அம்மாவாசியின் சட்டைப் பித்தான். நான்கு தலையணை, நான்கு காக்கா. நான்காவதைத் துணியின் பின்பக்கம் வரைந்து வெட்டிவிட்டதால் அது மட்டும் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கே கதவைத் தாழிட்டு, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, ஜெயமங்கலத்திலிருந்து பெண்வீட்டார் அறையைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா ஈஸ்வரபாண்டி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சம்மந்தி இது? சனீஸ்வரன் வாகனத்தக் கட்டில்ல உக்கார வச்சிருக்கீக?"

சுருளியாண்டிக்கு முகம் வெளிறியது. "ஏத்தா, நம்மூரு சனீஸ்வரன் கோயில்ல சாத்துன துணியா?"

"இல்ல மச்சான், கடையில மிஞ்சுன துண்டு. மயிலுதான் போடலாம்னு நெனச்சேன். அதுக்கு அஞ்சு கலர் வேணும். காக்காவுக்குக் கறுப்பு ஒண்ணு போதும்."

ஒருவரும் நம்பவில்லை. பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

"அப்ப இது ஒண்ணு மட்டும் ஏன் தெக்க பாக்குது?" என்று பதறினாள் ஜக்கம்மா. "எமன் தெசையில்ல அது!"

"கால்மாட்டுல திருப்பி வச்சா வடக்க பாக்கும்க்கா. எமன் என்ன, தலமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நடுவுல வழி தவறிருவானா?"

களுக்கென்று ஒரு சிரிப்பு. கல்யாணப் பெண் துர்கா. நேரே உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தெற்குப் பார்த்த காக்காவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுல யாரு படுக்குறது, சின்னத்த?"

"நாந்தான்."

"அப்ப இது உங்க ரூமு. எங்களுக்கு எதுக்கு?"

"அதான், அதான். இந்த ரூமே வேணாம்" என்றார் ஈஸ்வரபாண்டி அவசரமாக. அப்பாவுக்குக் காரணம் காக்கா, மகளுக்குக் காரணம் நியாயம். மகள் சொன்னது மட்டும்தான் நினைவில் வைக்கத் தக்கது. சுருளியாண்டி தன் பக்கத்துக் கூடத்தையே இரண்டாகத் தடுத்துக்கொடுத்தார். இத்தனை நாள் அந்தக் கூடம் எங்கே போயிருந்ததோ.

புறப்படும்போது துர்கா, "எனக்கும் ரெண்டு தச்சு வைங்க சின்னத்த, கல்யாணத்துக்கு. ஒண்ணு தெக்க பாத்தது" என்றாள். ஜக்கம்மா நெஞ்சில் கை வைத்தாள். ராமுத்தாய் துணி எத்தனை முழம் வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாளா? இன்றைக்கே அரைக் கிலோ இலவம்பஞ்சும் ஒரு மீட்டர் துணியும் வாங்குங்கள். அவளுக்குப் பிடித்த நிறத்தில் வாங்குங்கள். தைத்து அவள் தலைக்குக் கீழே வையுங்கள். வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.